47 கிலோ மல்லாட்டைக்கு ஒரு சினிமா

போளூர் பக்கமிருந்து ஒரு வாசகர் இந்த இதழின் கேள்வி பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பயிருக்கு வந்த நோய் பற்றியோ சொட்டுநீர் மானியம் பற்றியோ அல்ல. 'பிள்ளைகள் மெட்ராஸுக்குப் போய் மால் தியேட்டரில் படம் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக நச்சரிக்கிறார்கள். குடும்பத்தோடு போய்வர என்ன ஆகும்? அந்தக் காசுக்கு அது தகுமா?' இதுதான் கேள்வி. நான் தை மாதம் போய்வந்த கதை ஆசிரியர் குழுவில் சிலருக்குத் தெரியும். அதனால் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதெல்லாம் சாகுபடிக் கணக்கு. உழவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, களைக்கு இவ்வளவு, கடைசியில் கையில் நின்றது இவ்வளவு. இதையும் அப்படியே எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

முதலில் அது எந்த மாதிரி வருஷம் என்று சொல்ல வேண்டும். கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 1ஆம் தேதி மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் போனது. தண்டராம்பட்டு சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் என் ஒன்றரை ஏக்கர் சம்பா கதிர் பிடிக்கும் நேரத்தில் நான்கு நாள் மூழ்கிக் கிடந்தது. எழுந்தது பதர்தான். 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குப் போட்டால் 6,900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நடவுக்கும் களைக்கும் கொடுத்த கூலிக்கே அது போதாது. கொல்லியில் ஐப்பசியில் எடுத்த மல்லாட்டை மட்டும் வீட்டில் இருந்தது. அந்த வருஷம் எங்களுக்கு முதல் என்று இருந்தது அதுதான்.

அப்படிப்பட்ட வருஷத்தில் யாராவது சினிமா பார்க்க மெட்ராஸ் போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். என் அண்ணனும் கேட்டார்.

என் மகள் செப்டம்பரில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். கைக்கு வரும் சம்பளம் 16,000 ரூபாய். அதில் ஹாஸ்டலுக்கு 6,500 போய்விடும். பொங்கலுக்கு வந்தவள் அவங்க அம்மாவிடம், "நீ கடைசியா தியேட்டர்ல எப்பம்மா படம் பாத்த?" என்று கேட்டாள். என் மனைவி யோசித்து, "நீ கைக்குழந்தையா இருந்தப்ப" என்றாள். மகளுக்கு இப்போது வயது 22. நான் அதற்குப் பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். மண்டிக்குப் போன இடத்தில், உரம் வாங்கப் போன இடத்தில், சேக்காளிகளோடு. அவள் வந்ததே இல்லை. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். மகள் அங்கேயே போனை எடுத்து நான்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ செலவு? நம்மூர்லயே அந்தப் படம்தான ஓடுது" என்றேன்.

"அப்பா, நாத்து நட வர்ற ஆளுங்களுக்கு டீ, போண்டா வாங்கிக் குடுக்கும்போது கணக்கு பாப்பியா? இத நான் வாங்கித் தர்றேன், நீ கம்முனு வா" என்றாள். அவள் மறுநாளே கிளம்பிப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம்.

போய்வருவதில் பெரிய உதவி ரயில். 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை - வேலூர் கன்டோன்மென்ட் வண்டியைத் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது டிக்கெட் 50 ரூபாய். விடியற்காலை 4 மணிக்கு இங்கே கிளம்பி போளூர், ஆரணி ரோடு, வேலூர், காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டு காலை பத்து மணி வாக்கில் கடற்கரை ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. திரும்ப மாலை 6 மணிக்கு அங்கே ஏறினால் நள்ளிரவு 12 மணிக்கு இங்கே. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போனால் நேரம் மிச்சம், ஆனால் காசு மூன்று பங்கு ஆகும். மூன்று பேருக்குப் போக வர ரயிலுக்கு 300 ரூபாய். ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு நடுராத்திரி ஆட்டோ, போக 300, வர 300. ரயிலைவிட ஆட்டோவுக்கு இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, வேறு வழியில்லை.

மாலின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எனக்குச் சில குறைகள் உண்டு. விசாரித்த வரையில் அவை எல்லா மாலுக்கும் பொதுவானவை.

வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். என் மனைவி ஒரு எவர்சில்வர் டப்பாவில் வறுத்த மல்லாட்டையும் கொஞ்சம் வெல்லமும் எடுத்து வந்திருந்தாள்.

"அம்மா, வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்கம்மா" என்றான் செக்யூரிட்டி பையன்.

"சாப்பாடு இல்லப்பா, மல்லாட்டை" என்றாள் இவள்.

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதி விதிதான். டப்பாவை அவனிடமே கொடுத்து, "நீங்க துன்னுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் முகம் சுருங்கிப் போனதை நான் கவனித்தேன். கொல்லியில் குனிந்து குனிந்து அவள் கையாலேயே பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்த காய் அது.

இந்த விதி சரியா என்று பலர் கேட்கிறீர்கள். 2023 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. தியேட்டர் என்பது தனியார் இடம், வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று உரிமையாளர் தடுக்கலாம். கொண்டுவரலாம் என்று 2018இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் சொன்னதை ரத்து செய்துவிட்டார்கள். ஜிலேபியைத் தின்றுவிட்டு ஒருவர் கையை சீட்டில் துடைத்தால் அதை யார் சுத்தம் செய்வது என்ற மாதிரி ஒரு கேள்வியையும் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். ஆனால் அதே தீர்ப்பில் இரண்டு விஷயம் நமக்குச் சாதகம். குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டிய உணவை ஓர் அளவுக்குக் கொண்டுபோகலாம். தண்ணீர்க் குழாய் எங்கள் மாலில் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. போர்டு கிடையாது. கேட்டதும் ஒரு பையன் காட்டினான். கேட்காதவர்கள் எல்லாம் கவுன்ட்டரில் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி டிக்கெட். தமிழ்நாட்டில் தியேட்டர்காரர்கள் நினைத்த விலைக்கு விற்க முடியாது. தியேட்டர்களை ஒழுங்குபடுத்தும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி விலைக்கு உச்சவரம்பை அரசுதான் நிர்ணயிக்கிறது. மல்டிபிளக்ஸுக்கு 120 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2017 அக்டோபரில் 150 ஆக்கினார்கள். அதன்மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி நாங்கள் போனபோது 8 சதவீதம், 12 ரூபாய். இரண்டும் சேர்ந்த 162 ரூபாய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டால் 191 ரூபாய் 16 காசு. எங்கள் டிக்கெட்டில் அச்சடித்திருந்ததும் அதுதான். மும்பை, டெல்லியில் இப்படி உச்சவரம்பு இல்லை. சனி, ஞாயிறு என்றால் ஒரு விலை, புதுப்படம் என்றால் ஒரு விலை. அந்த ஊர் உறவினர்கள் நம் டிக்கெட் விலையைக் கேட்டு வயிறு எரிகிறார்கள். நெல்லுக்கும் கரும்புக்கும் அரசு விலை சொல்கிறது, வியாபாரி அதற்குக் கீழே கேட்கிறான். சினிமா டிக்கெட்டுக்கு மட்டும் அரசு சொன்ன விலை நிற்கிறது. இது எனக்கு ஓர் ஆச்சரியம்.

இதில் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு அரங்கிலும் முன்வரிசையில் கொஞ்சம் சீட் குறைந்த விலைக்கு வைத்திருப்பார்கள். அடிப்படை விலை 50 ரூபாய், அன்றைய வரியோடு 60 ரூபாய் சொச்சம். மகள் தேடும்போது அது தீர்ந்துபோயிருந்தது. கழுத்து வலிக்கும் என்று சொல்வார்கள். டூரிங் கொட்டகையில் தரையில் மண்ணைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவன் நான், எனக்கு அது பழகிய வலிதான்.

போனில் டிக்கெட் போட்டதற்குச் சேவைக் கட்டணம் என்று ஒரு டிக்கெட்டுக்கு 35 ரூபாய் 40 காசு தனி. நான்கு டிக்கெட்டுக்கும் சேர்த்து மொத்தம் 906 ரூபாய். மகளின் ஒரு நாள் சம்பளத்தை 533 ரூபாய் என்று வைத்தால், ஒன்றே முக்கால் நாள் உழைப்பு. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பாட்டு வாங்க வேண்டும்.

படம் 'மத கஜ ராஜா'. சுந்தர்.சி. எடுத்தது, விஷாலும் சந்தானமும் நடித்தது. 2013இல் வரவேண்டிய படம் பெட்டியிலேயே கிடந்து 2025 ஜனவரி 12ஆம் தேதி வெளிவந்து பொங்கலுக்கு ஓடு ஓடென்று ஓடியது. பழைய நெல்லுக்குத்தான் விலை அதிகம் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஐ.டி. ஆள் போல. 2023இல் இறந்துபோன மனோபாலா திரையில் வந்ததும் என் மனைவி, "ஐயோ, இந்த மனுசன் இருக்காரு பாரு" என்று சத்தமாகச் சொல்ல, முன் வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவரை வைத்து வந்த காட்சிகளுக்கு அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சத்தம் துல்லியம். ஆனால் எனக்குக் கொஞ்சம் அதிகம். ஏ.சி.யும் அதிகம். மார்கழிப் பனியில் தண்ணீர் கட்டுகிறவனுக்கே குளிர்ந்தது, இவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சீட் சாய்கிறது, முழங்கால் இடிக்கவில்லை. நகரும் படிக்கட்டில் ஏற அவளுக்குப் பயம். மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வழியாக ஏறினாள். லிஃப்ட் இருக்கிறது, வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் மகன் பாப்கார்ன் கேட்டான். நடுத்தர அளவு டப் 320 ரூபாய். ஒரு கூல்டிரிங்ஸ் 180. மகள் பர்ஸை எடுக்குமுன் நான் 500 ரூபாயை நீட்டிவிட்டேன். அவள் டிக்கெட் வாங்கிவிட்டாள், அதற்கு மேல் விடுவதாக இல்லை.

அந்தக் காலித் தொட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் டவுனில் மளிகைக் கடையில் பொரிக்கிற மக்காச்சோளம் கிலோ 140 ரூபாய் என்று கால் கிலோ வாங்கி, தராசில் எடை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குக்கரில் பொரித்துப் பார்த்தோம். 75 கிராமுக்கு அந்தத் தொட்டி நிறைந்துவிட்டது. அதாவது பத்து ரூபாய் ஐம்பது காசு சோளம். எண்ணெய், வெண்ணெய், உப்பு, கேஸ் எல்லாம் தாராளமாகப் போட்டாலும் 25 ரூபாயைத் தாண்டாது.

நம் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 2024-25க்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவின்டாலுக்கு 2,225 ரூபாய். ஒரு டப் வாங்க 14 கிலோவுக்கு மேல் மக்காச்சோளம் விற்க வேண்டும். இறவையில் நன்றாகப் பராமரித்து ஏக்கருக்கு 30 குவின்டால் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் 66,750 ரூபாய். 320 ரூபாய் வீதம் 208 டப். படைப்புழுவோடு மல்லுக்கட்டி, மூன்றரை மாதம் காவல் இருந்து எடுத்த ஒரு ஏக்கர் விளைச்சலின் விலையை, ஒரு பெரிய அரங்கில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் ஒரு சனிக்கிழமை இடைவேளையில் கொறித்துவிட்டுப் போய்விடும்.

ஏன் இவ்வளவு விலை? விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டிக்கெட் காசில் வரி போக மீதியை விநியோகஸ்தரோடு பங்கு போட வேண்டும். முதல் வாரத்தில் ஏறக்குறைய சரிபாதி அவர்களுக்குப் போய்விடும், நாள் ஆக ஆகத் தியேட்டர் பங்கு கூடும். தின்பண்டத்தில் யாருக்கும் பங்கு கிடையாது, முழுக்கத் தியேட்டருக்கே. நாட்டிலேயே பெரிய நிறுவனமான பி.வி.ஆர். ஐநாக்ஸ் 2023-24க்குச் சொன்ன கணக்கில், ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 259 ரூபாய், ஒரு ஆள் தின்பதற்குச் செலவழித்தது சராசரியாக 132 ரூபாய். ஒன்றும் வாங்காமல் வந்தவர்களையும் சேர்த்த சராசரி இது. நம் ஊரில் டிக்கெட்டுக்கு வரம்பு கட்டியாயிற்று. மாடிக் கட்டடத்தின் வாடகை, ஏ.சி.க்கான கரன்ட் பில் எல்லாவற்றையும் பாப்கார்ன்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. இது புதிதும் அல்ல. 1930களில் அமெரிக்காவில் பெரும் பஞ்ச காலம் வந்தபோது பல தியேட்டர்களைக் காப்பாற்றியது ஐந்து, பத்து சென்ட்டுக்கு விற்ற பாப்கார்ன் என்று சொல்வார்கள். அங்கே அது மலிவாக இருந்ததால் விற்றது. வரியும் காரணம் இல்லை. தியேட்டரில் தனியாக வாங்கும் தின்பண்டத்துக்கு 5 சதவீதம்தான் என்று 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்திவிட்டது. 2024 டிசம்பரில் உப்புப் பொரிக்கு 5, பாக்கெட்டில் அடைத்ததற்கு 12, சர்க்கரைப் பாகு பூசியதற்கு 18 என்று மூன்று விதமாகச் சொல்லி ஊரே சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இதைப் படித்துவிட்டு, நாமே மக்காச்சோளத்தைப் பொரித்து விற்றால் என்ன என்று கேட்டு அடுத்த வாரம் கடிதம் வரும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோழித் தீவனத்துக்கு நாம் போடுகிற வீரிய ஒட்டு ரகம் பொரியாது, கருகும். பொரிவதற்கென்று உள்ளது தனி வகை. மணி சிறிது, மேல்தோல் கெட்டி. உள்ளே 13, 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். சூடு 180 டிகிரியை எட்டும்போது அந்த ஈரம் ஆவியாகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதிகமாகக் காயவைத்துவிட்டாலும் பொரியாது. நம் நாட்டிலேயே அம்பர் பாப்கார்ன், அல்மோராவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தின் வி.எல். அம்பர் பாப்கார்ன் போன்ற ரகங்கள் உண்டு. மகசூல் தீவனச் சோளத்தைவிடக் குறைவு. பக்கத்துக் கொல்லியில் தீவனச் சோளம் பூத்தால் அதன் மகரந்தம் விழுந்து பொரியும் தன்மை கெடும். வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம்.

சரி, மொத்தக் கணக்கு. ஆட்டோ 600, ரயில் 300, சென்னைக்குள் பறக்கும் ரயில், ஷேர் ஆட்டோ எல்லாம் 180, டிக்கெட் 906, பாப்கார்னும் கூல்டிரிங்ஸும் 500, காலையில் டிபன் 240, படம் முடிந்து வெளியே ஒரு மெஸ்ஸில் நான்கு சாப்பாடு 480. ஆக 3,206 ரூபாய். 2024-25க்கு மல்லாட்டைக் காய்க்கு ஆதரவு விலை கிலோ 67 ரூபாய் 83 காசு. 47 கிலோ காய். எங்கள் ஊரில் பெண்ணாள் கூலி 250 ரூபாய், கிட்டத்தட்ட 13 நாள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ரயிலில் மட்டும் 12 மணி நேரம்.

அதே படத்தை என் அண்ணன் மகன் திருவண்ணாமலையிலேயே 120 ரூபாய் கொடுத்துப் பார்த்தான். நாங்கள் நான்கு பேர் இங்கே பார்த்திருந்தால் டிக்கெட் 480, பெட்ரோல் 100, இடைவேளைக்கு டீ, முறுக்கு, சமோசா 160, ஆக 740 ரூபாய். வித்தியாசம் 2,466.

இந்த வித்தியாசத்துக்கு என்ன கிடைத்தது?

படத்துக்கு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. சந்தானம் இங்கேயும் அதே நகைச்சுவையைத்தான் சொல்கிறார். இப்போது நம் ஊர்த் தியேட்டர்களிலும் டிஜிட்டல் திரை, நல்ல ஒலி எல்லாம் வந்துவிட்டது. முன்பு மாதிரி ரீல் பெட்டி வர லேட்டாகி உட்கார்ந்திருப்பதும் இல்லை. பல திரைகளை ஒரே கட்டடத்தில் வைப்பதும் புதுமை அல்ல. 1964இலேயே சென்னை அண்ணா சாலையில் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்கை ஒரே வளாகத்தில் கட்டினார்கள். டெல்லி சாகேத்தில் 1997இல் பி.வி.ஆர். அனுபம் வந்த பிறகுதான் மல்டிபிளக்ஸ் என்ற பெயர் பரவியது.

திரும்பி வரும்போது அரக்கோணம் தாண்டி ரயிலில் கூட்டம் குறைந்தது. மகன் தூங்கிவிட்டான். "எப்படி இருந்தது?" என்று மனைவியைக் கேட்டேன். படத்தைப் பற்றிச் சொல்வாள் என்று பார்த்தேன்.

"பாத்ரூம் நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் நான் கூட்டிப்போன ஒரு தியேட்டரில் பெண்கள் பக்கம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, உள்ளே கால் வைக்க முடியவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இன்னொரு தடவை அதே மாதிரி. மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதன் பிறகுதான் கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இப்போதும் டவுனுக்கு எந்த வேலையாகப் போனாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் வருவாள். மாலில் இரண்டு தடவை போய்வந்தாளாம். தாழ்ப்பாள் இருந்தது, தண்ணீர் வந்தது, தரை ஈரமில்லை, கை கழுவ சோப்பு இருந்தது, துடைத்துக்கொண்டே ஒரு அம்மா நின்றிருந்தார். "அதனாலதான் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன்" என்றாள்.

22 வருஷம் அவள் ஏன் வரவில்லை என்பதற்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. அதை எந்தச் செலவுப் பட்டியலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போளூர் வாசகருக்கு என் பதில் இதுதான். டிக்கெட்டுக்கு நாங்கள் கொடுத்த 191 ரூபாய் நியாயமான விலை, ஏமாற்று இல்லை. நம் ஊரைவிடக் கூடுதலாகத் தந்த 70 ரூபாய்க்குச் சுத்தமும் உட்காரும் வசதியும் இருக்கிறது. தின்பண்டம் தகாது, அதில் சந்தேகமே வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் ஒரு டப் வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள், தலைக்கு ஒன்று வாங்காதீர்கள். உள்ளே போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், மாலுக்குள் சாப்பிடாமல் தெருவுக்கு வந்து சாப்பிடுங்கள். தண்ணீர் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சென்னையில் சொந்தக்காரர் இருந்தால் நேரில் கவுன்ட்டரில் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள், நான்கு பேருக்கு 140 ரூபாய் மிச்சம். விடுமுறை நாள் வேண்டாம். படத்துக்காக மட்டும் போகாதீர்கள், அதற்கு உங்கள் ஊரே போதும். ஆஸ்பத்திரி, காலேஜ் அட்மிஷன், கல்யாணம் என்று எதற்காவது எப்படியும் சென்னை போவீர்கள் அல்லவா, அதோடு சேர்த்து வைத்துக்கொண்டால் 3,200 ரூபாய் 1,400 ஆகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் அது பெரிய பாரமில்லை. வெள்ளாமை போன வருஷத்திலும் நான் போய்வந்தேன், கடன் வாங்கிப் போகவில்லை.

உங்கள் வீட்டில் பெண்கள் தியேட்டருக்கு வர மறுத்தால், வேலை இருக்கிறது என்ற பதிலோடு விட்டுவிடாமல் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்ப் பக்கத்துத் தியேட்டர் முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் பெண்கள் கிரிவலம் வருகிற ஊர். ஸ்பீக்கரை மாற்றுங்கள், திரையை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பெண்கள் பக்கத்துக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், நிற்காமல் தண்ணீர், துடைக்க ஒரு ஆள். இதற்கென்று டிக்கெட்டில் 20 ரூபாய் கூடக் கேட்டாலும், சட்டம் அனுமதித்தால், முதல் ஆளாக நான் கொடுப்பேன். மெட்ராஸுக்கு 47 கிலோ கொடுத்ததற்கு இது எவ்வளவோ மலிவு.

கால் கிலோவில் மீந்த பொரி சோளத்தை என் மனைவி வாய்க்கால் வரப்பு ஓரமாக ஊன்றி வைத்தாள். கடையில் வாங்கியது எந்த ரகமோ, எத்தனை நாள் பழசோ. பாதிக்கு மேல் முளைத்து இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. பக்கத்தில் யாரும் தீவனச் சோளம் போடவில்லை. கதிர் முற்றிக் காய்ந்ததும் பொரித்துப் பார்த்துவிட்டு, பொரிந்ததா கருகியதா என்று எழுதுகிறேன்.